ஏறக்குறைய எட்டு மில்லிமீட்டர்

ராஹே துறைமுகத்தில்
கடல்மட்டம் அளக்கும் கொட்டகையின் சாவி
என்னிடம் இருக்கிறது.
செவ்வாய்தோறும் போகிறேன்.
கிணற்றுக்குள் ஒரு மிதவை,
மிதவையிலிருந்து ஒரு கம்பி,
கம்பி போய் நிற்கிற இடத்தில் ஓர் எண்.
எழுதிக்கொண்டு பூட்டுகிறேன்.

இந்தக் கரையில் நிலம் எழுந்துகொண்டிருக்கிறது.
மேலே கிடந்த பனிப்பாறை கரைந்து
பத்தாயிரம் ஆண்டுகள் இருக்கும்.
சுமை இறங்கிவிட்டதை
நிலம் இன்னும் முழுதாக நம்பவில்லை.
ஆண்டுக்கு எட்டு மில்லிமீட்டர், ஏறக்குறைய,
நிமிர்ந்து பார்க்கிறது.

அப்பாவின் படகு நின்ற இடத்தில் இப்போது நாணல்.
"கர்த்தர் கடலைப் பின்னுக்குத் தள்ளுகிறார்" என்பார்.
எவ்வளவு என்று கேட்டேன், ஒன்பது வயதில்.
மேசையைச் சுற்றிப் பதின்மூன்று பேர்
மெல்லுவதை நிறுத்தினார்கள்.

டிவி இல்லாத வீடு.
காதில் துளையில்லாத பெண்கள்.
சலவை இயந்திரத்தின் வட்டக் கண்ணாடிக்கு முன்னால்
நானும் லெம்பியும் முழங்காலைக் கட்டிக்கொண்டு பார்ப்போம்,
அண்ணன்மார் சட்டைகள் ஒன்றையொன்று துரத்தும் கதையை.
கடைசியில் எல்லாச் சட்டையும் சுவரோடு ஒட்டிக்கொள்ளும்.
மறுபடி திங்கட்கிழமை வரவேண்டும்.

மன்னிப்புக்கு மட்டும் அங்கே பஞ்சமில்லை.
கேட்டால் போதும்.
தோளில் கை போட்டுக் காதருகே சொல்வார்கள்:
இயேசுவின் நாமத்திலும் இரத்தத்திலும்
எல்லாம் மன்னிக்கப்பட்டது, நம்பு.
தம்பி ஆர்வோ, ஆறு வயது,
ஜாம் மணக்கும் வாயால் எனக்குச் சொல்லியிருக்கிறான்.
அப்படியொரு லேசு
அப்புறம் எனக்கு எதிலும் கிடைத்ததில்லை.
இதைச் சொன்னால்
நாத்திக நண்பர்களுக்குச் சங்கடமாகிவிடுகிறது.
பேச்சை மாற்றுகிறார்கள்.

வெளியேறிய இரவு இடி விழவில்லை.
பேருந்துதான் வந்தது,
நாலு நிமிடம் தாமதமாக.

கடவுள் இல்லையென்று உனக்குத் தெரியுமா
என்று கேட்டார் உடன் வேலைசெய்யும் ரெய்மா.
எனக்கு நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான்.
தெரியும் என்கிற சொல்லை எடுக்கக் கை கூசுகிறது.
எங்கள் வீட்டில் அதைக்
காலைக் கஞ்சிக்கே செலவழித்தார்கள்:
யார் நரகத்துக்கு என்று தெரியும்,
எந்த ஜன்னலில் திரை தொங்கினால்
எந்தப் பேய் நுழையும் என்று தெரியும்.
நான் இப்போது
மில்லிமீட்டருக்கே "ஏறக்குறைய" போடுகிறவள்.

போன நவம்பரில் தப்பாக எழுதிவிட்டேன்.
மூன்று இருக்கவேண்டிய இடத்தில் எட்டு.
ஆறு வாரம் யாரும் கவனிக்கவில்லை.
கண்ணில் பட்டதும் நான் முதலில் தேடியது
ஒரு தோளை.
ரெய்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:
குறுக்கே ஒரு கோடு போடு.
பழைய எண் தெரியவேண்டும், அழித்துவிடாதே.
பக்கத்தில் சரியானதை எழுது. தேதி போடு.
காபி ஆறுகிறது.

அழிக்கவில்லை.
அந்த எட்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது,
கோட்டுக்கு அடியில், என் கையெழுத்தில்.
தவறினேன் என்பதையும் தப்பினேன் என்பதையும்
ஒரே சொல்லால் சொல்லும் மொழி
உலகத்தில் எங்காவது இருக்கும்.
என் மொழியில் இரண்டு சொற்கள் வேண்டியிருக்கின்றன,
நடுவில் ஒரு மூச்சும்.

அம்மா ஞாயிறு மாலை அழைப்பாள்.
விசுவாசிகளிடம் விடைபெறும்போது
"கர்த்தரின் சமாதானம்" என்பது வழக்கம்.
எனக்குப் பதினொரு வருடமாக
"சரி, வைக்கிறேன்."
லெம்பிக்கு எட்டாவது குழந்தை,
உருளைக்கிழங்கில் கருப்பு விழுந்திருக்கிறது,
ஆர்வோ லாரி வாங்கிவிட்டான்.
போன வாரம் பேசி முடிக்கையில்
பழக்கத்தில் நாக்கு வழுக்கி
என்னிடமே சொல்லிவிட்டாள்,
கர்த்தரின் சமாதானம் என்று.

இரண்டு முனையிலும் அமைதி.
அவள் திருத்தவில்லை.
நானும் எதுவும் சொல்லவில்லை.
போனை வைத்தபிறகு
குறிப்பேட்டின் ஓரத்தில்
தேதியை மட்டும் எழுதினேன்.