வெற்றெடை

வள்ளியூருக்குத் தெற்கே, காற்றாலைகளுக்கு நடுவே,
பதினோரு வருடமாக எடைமேடையில் எழுதுகிறேன்.
முதலில் வெறும் லாரி, பிறகு பாரத்தோடு லாரி,
கழித்தால் கல்.
அவ்வளவுதான் என் கணக்கு.

களவு பாரத்தில் இல்லை.
புதிதாக வரும் அதிகாரிகள் பாரத்தைத்தான் உற்றுப் பார்ப்பார்கள்.
வெறும் வண்டி ஏறும்போதே காரியம் முடிந்துவிடும்:
சீட்டுக்கடியில் ஏழு கருங்கல்,
தொட்டி நிறையத் தண்ணீர்,
கேபினுக்குள் சுருண்டு படுத்த கிளீனர் பையன்.
வெற்றெடை கூடும்.
எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் பாரம் ஏற்றினால்
அரை டன் கல், கணக்கிலேயே இல்லாமல்,
களியக்காவிளை தாண்டும்.
முதலாளி சொன்னது. நான் எழுதியது.
என் கையெழுத்து அழகாயிருக்கும்.

பலவேசத்துக்கு ஆனியில் பெண் பிறந்தது,
ஏழாம் மாதத்திலேயே.
ஹைகிரவுண்டு ஆசுபத்திரி, கண்ணாடிப் பெட்டி.
கூட நிற்க ஆளில்லை என்றான்; போனேன்.
படிக்கட்டில் உட்கார்ந்து சொன்னான்:
"போன சென்மத்துல என்ன செஞ்சிச்சோ, எக்கா,
இந்த மட்டுக்கு அனுபவிக்கி."
குரலில் கோபம் இல்லை.
பட்டாவுக்கு அலைந்து ஓய்ந்தவன்
அது தாத்தா காலத்து வழக்கு என்பதுபோல்.

எங்கள் கோயிலில் ஒரே பிறவி, ஒரே தீர்ப்பு.
வாய்வரை வந்தது, சொல்லவில்லை.
என் அண்ணன் பிறவியிலேயே பேச்சில்லாதவன்,
தன் பெயரை ஒருமுறையும் சொல்லாமல் நாற்பதில் போனான்.
அடக்கத்தன்று ஐயர், கர்த்தருடைய சித்தம் என்றார்.
பார்சல் வந்து சேர்ந்ததற்குக்
கையெழுத்துப் போட்டதுபோல் இருந்தது எனக்கு.

பலவேசத்தின் பதிலாவது பற்றுவரவு காட்டுகிறது.
ஆனால் யார் எழுதிய பற்று?
அவள் வெறுமையாக மேடையேறிய நேரத்தில்
எந்தக் கை வைத்தது சீட்டுக்கடியில் கல்லை?
குணம் கூடவே வருமென்றால்
பல்லில்லாத வாயில், நகமளவுக் காதில்
எங்கே ஒளித்திருக்கிறாள் தன் குற்றத்தை?
செய்ததை மறந்தவளைத் தண்டித்து
எதைத் திருத்த?

என் பொய் என்னோடு பிறந்ததில்லை.
சம்பளத்தில் மூவாயிரம் கூட்டிய ஒரு வெள்ளிக்கிழமை,
சாயங்காலம் நாலரை மணிக்குப் பிறந்தது.
அதற்கு முற்பிறவி கிடையாது.

நர்ஸ் எடை பார்க்க வந்தாள்.
தராசில் முதலில் துணியை மட்டும் விரித்தாள்.
எண் வந்தது. பொத்தானை அமுக்கினாள். சைபர்.
பிறகுதான் பிள்ளையைக் கிடத்தினாள்.
ஆயிரத்து நூற்று நாற்பது.
"துணியக் கழிச்சாத்தான் பிள்ளை" என்றாள்,
யாரும் கேட்காமலே.
பஞ்சுபோன்ற அந்தத் துணி எத்தனை கிராம் இருக்கும்?
அதைக்கூட அவள் பேரில் எழுத மாட்டேன் என்கிறாள் ஒருத்தி,
இரட்டை ஷிப்டில், கொட்டாவியோடு.

அன்று ராத்திரி கணவாய்க் காற்று தகரத்தைப் பிய்த்தது.
யாரும் ஏறாத மேடையில்
சிவப்பு எழுத்தில் இருபது கிலோ, நாற்பது, மறுபடி இருபது.
காற்றின் எடை என்பார் மெக்கானிக்.
நானும் அப்படியே நம்பியிருந்தேன்.
அன்றைக்கு மட்டும்,
இன்னும் பிறக்காதவர்கள் ஒவ்வொருவராக ஏறி நின்று
தங்களை நான் என்னவென்று எழுதப்போகிறேன் என்று
பார்ப்பதாகத் தோன்றியது.

விடியுமுன் பலவேசம் வெறும் வண்டியோடு வந்தான்.
"கல்ல எறக்கு" என்றேன்.
"மொதலாளி…"
"எறக்கு."
ஏழையும் இறக்கினான். தண்ணீரைத் திறந்துவிட்டான்.
கிளீனர் பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டு குதித்தான்.
உள்ளபடி எழுதினேன்.
கை நடுங்கி, எழுத்து கோணலாய் விழுந்தது.

இருபது கிலோவுக்குக் கீழே என் மேடைக்கு ஒன்றும் தெரியாது.
ஆயிரத்து நூற்று நாற்பது கிராமை
அது காணவே காணாது.

"இன்னைக்கு மட்டுமாக்கா, இல்ல, இனிமேயா?" என்றான்.
பின்னால் அடுத்த லாரி
ஆரன் அடித்துக்கொண்டே இருந்தது.