ஏழு மாத வாடகை

டுலூத்தில் மைனஸ் இருபது.
காப்பீட்டுக்காரன் போனில் மூன்று பெயர் சொன்னான்.
வாடகை கம்பெனி கொடுக்கும்,
யார் வந்தால் உனக்கென்ன என்றான்.

குழாய் வெடித்து வீடு நனைந்த லிண்ட்குவிஸ்ட் தம்பதி
அலமாரியை டேப் வைத்து அளந்தார்கள்.
கூரை சரிந்த பல் டாக்டர்
நாய்க்கும் ஓர் அறை கேட்டார்.

அடுக்களை எரிந்துபோன வெர்னா ஹாக்லண்ட்
எதுவும் கேட்கவில்லை.
கையுறையைக் கழற்றிவிட்டு
சன்னல் சன்னலாகத் திறந்து பார்த்தாள்,
வெளியே எட்டிப்பார்த்து, உயரத்தைக் கண்ணால் அளந்து.
மாடியில் ஒன்று பனி இறுகி அசையவில்லை.
அதன் முன்னாலேயே நின்றாள்.

வங்கித் தாள், சிபாரிசுக் கடிதம், கையெழுத்துகள்
எல்லாம் கீழே மேசையில்.
நான் வெந்நீர்க் கெட்டிலோடு மாடியேறினேன்.

ஒன்றாம் தேதிக்குள் இது திறக்கும் என்றேன்.
வீடு உனக்குத்தான் என்று
சொல்ல மறந்துவிட்டேன்.