முன்பாரம்

மேற்கணக்கு ஏற்றத்தில்
பின்சீட்டில் மூன்று பேர் இருந்தால்
என் த்ரீவீலர் முன்சக்கரத்தைத் தூக்கும்,
கயிற்றை அறுக்கப் பார்க்கும் கன்றுக்குட்டி மாதிரி.
ஹேண்டிலைத் திருப்பினால்
காற்றுதான் திரும்பும்.

அதற்காகத்தான் தபால்கார சூசைமாணிக்கம்.
தொண்ணூற்றாறு கிலோ.
எனக்குப் பக்கத்தில் அரைச்சீட்டில்,
ஒரு கால் வெளியே, தபால் பை மடியில்.
நான் காசு கேட்டதில்லை,
அவரும் கொடுக்க நினைத்ததில்லை.
சக்கரம் தரையில் இருப்பது
அவர் தின்ற ரொட்டியின் புண்ணியம்.

ஜனவரி விடியலில் சீட்டு முழுக்க வெள்ளை படிந்திருக்கும்.
உப்பென்று நினைத்து என் மகள்
ஒருநாள் நக்கிப் பார்த்தாள்.
ஒரு கேத்தல் சுடுதண்ணி எஞ்சினுக்கு,
மிச்சம் எனக்கு, தேயிலைத் தூள் போட்டு.
லீவரை இழுத்து இழுத்துத் தோள் சூடாகும்,
வண்டி சூடாகாது.
பக்கத்துக் காம்பராக் கதவைத் திறந்து
"இன்னும் எழும்பலையா அது?" என்பாள் பாக்கியம்,
நோயாளியை விசாரிப்பது போல.

மழைக்குக் கண்ணாடியில் புகையிலை தேய்ப்பேன்.
மூடுபனிக்கு எதைத் தேய்ப்பது?
சூசைமாணிக்கம் தலையை வெளியே நீட்டி
பள்ளம், நாய், லொறி என்று
முகவரி வாசிப்பது போல ரோட்டை வாசிப்பார்.
ஒருமுறை "மாடு" என்றார்.
பிரேக் அடித்தேன்.
மாடில்லை, சின்னத்துரை.
டோர்ச் இல்லாமல் நடந்தால்
வேறென்ன சொல்வது என்றார், துரை போன பிறகு.

போன மாதம் நுவரெலியா கிளினிக்கில்
பிரஷர் பார்த்த டொக்டர்
இருபது கிலோ குறைக்கச் சொல்லிவிட்டார்.
அன்றிலிருந்து நடை.
பையைத் தோளில் மாட்டி, மேற்கணக்கு வரை.
என் வண்டியைக் கண்டால்
கை மட்டும் அசைப்பார்.

அந்த வாரம்தானா வரவேண்டும் நேசமலரின் ஃப்ரிட்ஜ்!
ஒற்றைக் கதவு, இருபத்துநான்கு மாதத் தவணை.
நிமிர்த்தியே கொண்டுபோகச் சொன்னான் கடைப்பையன்.
பின்சீட்டில் நிறுத்திக் கட்டினோம்.
அவள் பக்கத்தில் உட்கார்ந்து
மாப்பிள்ளையைப் பிடிப்பது போல்
ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

ஏழாம் நம்பர் மலை வளைவில்
ரோடு கண்ணைவிட்டுப் போனது.
ஹெட்லைட் மேகத்துக்குள் அடித்தது.
கயிறு அறுந்த சத்தம் கேட்டது,
அப்புறம் நேசமலரின் சத்தம்.
நல்லவேளை, விட்டுவிட்டாள்.
காணைத் தாண்டி, இரண்டு நிரை தேயிலை தாண்டி
ஃப்ரிட்ஜ் சறுக்கிப் போய்
மூன்றாவது நிரையில் நிமிர்ந்தே நின்றது,
கடைப்பையன் சொன்னபடி.

கொழுந்தெடுத்த கைகள் நின்றன.
ஒருத்தி போய்க் கதவைத் திறந்து பார்த்து
"லைட் எரியலையே" என்றாள்.

ஆறு பேர் கம்பு கட்டித் தூக்கி வந்தோம்.
வண்டியைத் தூக்க இன்னும் நாலு பேர்.
ராத்திரி பிளக் குத்தினால் உறுமுகிறது, குளிர்கிறது,
கதவு மட்டும் நிற்காது,
கதிரை ஒன்று சாத்திவைக்க வேண்டும்.
பல் கிட்டும் அந்தக் குளிரில்
முதல் ஐஸ்கட்டியை எனக்குத்தான் தந்தாள் நேசமலர்.
கோபமா மரியாதையா தெரியவில்லை.
வாயில் போட்டுக்கொண்டேன்.
கூலி கேட்கவில்லை.

இப்போது முன்னால் ஒரு சாக்கில்
ஆற்றுக்கல் வைத்திருக்கிறேன்.
பாரம் சரிதான்.
ஆனால் கல்லுக்குப் பள்ளம் தெரியாது.
வளைவில் என்மேல் சாயும்,
மன்னிப்பும் கேட்காது.

நேற்று ஒரு முழத்துக்கு அப்பால் ஒன்றுமில்லாத பனி.
பாலத்தடியில் ஒரு கை நீண்டது.
எண்பத்தொரு கிலோ இப்போது,
காற்சட்டையைக் கயிற்றால் கட்டியிருந்தார்.
கல்லைப் பின்னால் தள்ளி ஏறினார்.
ஏற்றத்தில் சக்கரம் லேசாக எழும்பியது.
பையை முன்னால், ஹேண்டிலோடு ஒட்டிவைத்து
"இன்னைக்குப் பாரம்தான்" என்றார்,
"எல்லாம் லீசிங் கொம்பனிக் காயிதம்.
அதுல ஒன்னு ஒனக்கு."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
"பள்ளம்" என்றார்.
இடது பக்கம் ஒடித்தேன்.