எடுப்பு

"சட்டைக்கு அஞ்சு பையா?
ஆம்பளைக்கே ஒண்ணு ரெண்டுதானம்மா"
என்றார் உறையூர் தையல்காரர் சேவியர்.
ஒன்று லென்ஸ் மூடிக்கு.
ஒன்று துடைக்கிற துணிக்கு.
பேட்டரிக்கு ஒன்று, டிக்கெட்டும் சில்லறையும் ஒன்றில்.
"அஞ்சாவது?"
அது சும்மா.
சும்மாவுக்கும் சேர்த்துத்தான் கூலி வாங்கினார்,
நாலு நிறத்தில் நாலு சட்டைக்கு.

ஐப்பசியில் ஊதா.
காரைக்குடியில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து,
பலவான்குடி தாண்டித் தைலமரக் காடு தொடங்கும் இடத்தில்
கண்மாய்க் கலுங்கின் மேல் ஏறினேன்.
முக்காலியின் மூன்று காலுக்கும்
நகப்பூச்சில் மூன்று சிவப்புப் புள்ளி வைத்தேன்.
பருவம் மாறட்டும், நான் மாற மாட்டேன் என்று
ஏதோ பெரிய சபதம் போல.

அன்று தண்ணீர் டீ நிறம், அதுவும் பால் கூடிப்போன டீ.
தையில் தெளிந்தது. ஏழு அல்லி. எண்ணினேன்.
பங்குனியில்
கலுங்கில் நட்ட கல்தூண்கள்
ஒவ்வொரு முழமாகத் தம் உயரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தன.
வைகாசியில்
ஊத்தாக் கூடைகளோடு ஊரே இறங்கி மீன்பிடித்த
மறுநாள்தான் போய்ச் சேர்ந்தேன்.
வெடிக்கத் தொடங்கிய சேற்றில்
ஆயிரம் பாதம். ஒற்றைச் செருப்பு ஒன்று.
வானத்துக்கு முகம் பார்க்க
ஒரு தாம்பாளம் அளவு தண்ணீர் மிச்சம்.

வந்ததன் அடையாளமாய் எல்லாரும்
ஆத்தங்குடிக் கல்லைக் காந்த வில்லையாக வாங்கி
ஃப்ரிட்ஜில் ஒட்டுகிறார்கள்.
நானும் வாங்கினேன், பொய் சொல்வானேன்;
விழுந்து மூலை போனது.
மற்றவை தாமாக வந்தவை:
செருப்பைத் துளைத்து நின்ற கருவேல முள்,
வெள்ளை ஷூவில் ஏறி
மூன்று சோப்புக்கும் இறங்காத செம்மண்,
கண்டக்டர் சில்லறைக்குப் பதில் தந்த
கடலை மிட்டாயின் தாள்.
ஐந்தாவது பையில் எதுவும் போடத் தோன்றவில்லை.

"நீங்கதான அந்தக் கலர்ச் சட்டைக்காரவுக?"

பதினோரு ஆடு. அடைக்கி என்று பெயர்.
சேலைக்கு மேல் ஆண்சட்டை,
அதற்கு ஒரே பை, பையில் விரிசல் விட்ட செல்போன்.
காட்டினாள்:
ஊதாவில் என் குனிந்த முதுகு.
மஞ்சளில், துப்பட்டாவைத் தலைப்பாகையாய்ச் சுற்றிய நான்.
வெள்ளையில் ஒரு ஷூவைக் கழற்றித் தட்டுகிறேன்.
பச்சை, இன்று காலை, வாய் நிறைய மிட்டாய்.
எல்லாவற்றிலும் மூலையில் அவள் பெருவிரல்.
கண்மாய் எங்கோ பின்னால், மங்கலாக.

"எதுக்கு எடுத்தீங்க?"
"நீங்க எதுக்கு எடுக்கிறீக?"
வெளிச்சம், என்றேன்.
"எனக்கும் வெளிச்சந்தான்."
ஒரு கிடாய் என் கேமரா வாரை மென்றுகொண்டிருந்தது.
அதன் காதைப் பிடித்து இழுத்தபடி சொன்னாள்:
"அந்தச் செவப்புப் பொட்டு மேல மட்டும்
ஒண்ணையும் ஏற விடுறதில்ல."

அனுப்பச் சொன்னேன்.
ரீசார்ஜ் தீர்ந்துவிட்டதாம்.
அந்தத் திரையையே என் கேமராவில் எடுத்துக்கொள்ளலாம்,
கை போனது, திரும்பி வந்தது.
அவளுடைய படம்.
எந்த ஊருக்கோ போய்வந்தவள் போல
அவள் என்னைச் சேர்த்து வைத்திருக்கிறாள்.

புதுக்கோட்டை தாண்டும்போது
பஸ்ஸில் பழைய படங்களைப் பெரிதாக்கினேன்.
மேற்குக் கரை, பனையடி, ஒரு கறுப்புப் புள்ளி.
லென்ஸில் தூசி என்று
ஐப்பசியில் துடைத்து அழித்திருக்கிறேன்.
பங்குனியிலும்.
தையில் மட்டும் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.
கையைத் தூக்கியிருக்கிறாள் அதில்,
கண்ணுக்கு நேராக.

பிரியும்போது சொன்னாள்:
"அடுத்த மழைக்கு அந்த ஊதாவையே போட்டு வாங்க.
அதுதான் எடுப்பா இருந்துச்சு."

ஊதாவில் மூன்றாவது பித்தானைக் காணோம்.
நாளைக்குச் சேவியரிடம் கொடுக்க வேண்டும்.