முகத்துவாரம் வெட்டாத காலை

காலை ஆறரைக்கு அளவுகோலைப் பார்ப்பது என் வேலை.
கரையோரம் நட்ட கட்டையில்
வெள்ளையில் கறுப்பாக எண்கள்.
கிறேஷியனின் பழைய பற்தூரிகையால்
பாசியைத் தேய்த்துவிட்டால்தான் படிக்கலாம்.
ஒன்று தசம் இரண்டு எட்டு.
நேற்றைவிட மூன்று சென்ரிமீற்றர்.
கொப்பியில் எழுதிக் கையெழுத்து வைத்து
திணைக்களத்துக்குப் போன் பண்ணுகிறேன்.
"வேறென்ன?" என்கிறார் எஞ்சினியர்.
வேறொன்றுமில்லை, சேர்.

மார்கழி.
மணல்மேடு வாசலை அடைத்துக் கிடக்க
இந்தப் பக்கம் வாவி நிறைந்து நிற்கிறது.
படுவான்கரையிலிருந்து கந்தப்போடி வந்தார்,
முழங்கால்வரை சேறு காய்ந்த காலோடு.
"வெட்டச் சொல்லுங்க கா.
பயிர் கழுத்துமட்டும் தண்ணிக்குள்ள நிக்கிது."
அன்று பின்னேரமே யேசுரட்ணம்:
"இப்ப வெட்டினா இறால் முழுக்கக் கடலுக்கப் போயிரும்.
இன்னும் பத்து நாள். பத்தே நாள்."
இருவரும் கும்பிடுகிறவர்கள்.
இருவரும் கேட்பது ஒரே மணலைப் பற்றி.
அந்த இடத்தில் கடவுளாக இருக்க
எனக்கு விருப்பமில்லை.

எனக்கும் ஒரு மணல்மேடு உண்டு.
எட்டு வருடம்.
ஆராதனை முடிந்து கோயில் வாசலில்
பெற்றீசியா அக்கா முதலில் என் வயிற்றைப் பார்ப்பா,
பிறகுதான் முகத்தை.
"காத்திருங்கோ மேர்லின்.
ஆண்டவருக்கெண்டு ஒரு நேரமிருக்கு."
அவவுக்கு நாலு பிள்ளைகள், வருசத்துக்கொன்று.
காத்திருப்பைப் பற்றி
அவ எனக்குச் சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டு
ஓம் அக்கா, என்பேன்.

மூன்றாம் வருடம் நான் ஆண்டவருக்குத் திகதி கொடுத்தேன்.
உயிர்த்த ஞாயிறுக்குள், என்றேன்.
நாற்பது நாளும் ஒருநேரச் சாப்பாடு.
கிறேஷியனுக்குத் தெரியாமல்
ஒரு காப்பைக் காணிக்கைப் பெட்டியில் போட்டேன்.
காப்பு விழுந்த சத்தம் கேட்டது.
திகதி விழுந்த சத்தம் கேட்கவில்லை.
உயிர்த்த ஞாயிறு வந்தது.
வெள்ளைப் பூச்சாடிக்குப் பக்கத்தில் நின்று
வாயை மட்டும் அசைத்துப் பாடினேன்.

அதே வருடந்தான்
யாரோ இரவோடிரவாக மண்வெட்டிகளோடு வந்து வெட்டினார்கள்.
விடிய நான் போகையில்
ஒரு பாக அகலத்தில் வாய்க்கால்
பெருமையாக ஓடிக்கொண்டிருந்தது.
மத்தியானம் கடல் ஏறிற்று.
உப்புத்தண்ணீர் உள்ளே வந்தது,
மணல் அதன் பின்னால் வந்தது.
நாலாம் நாள் வாய்க்கால் இருந்த இடத்தில்
ஒரு நாய் படுத்திருந்தது.
கொப்பியில் அந்த வாரத்து எண்கள்
எழுதிய எனக்கே விளங்காது.

இப்போது என் ஜெபம் சிறுத்துவிட்டது,
காலை போன் மாதிரி.
இன்று இவ்வளவு, ஆண்டவரே.
நேற்றைவிட இவ்வளவு.
சில நாள் ஏறியிருப்பது கோபம்.
அதையும் சொல்வேன், தசமத்தோடு.
வேறென்ன, என்று அவர் கேட்பது போலிருக்கும்.
வேறொன்றுமில்லை என்று பொய் சொல்லாமல்
கொஞ்ச நேரம் நிற்பேன்.
அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த பொறுமை.
அதுவும் நேற்று இருந்தது,
நாளைக்கு இருக்குமோ தெரியாது.

இன்று எழுதி முடித்ததும்
வெளிச்சவீட்டுப் பக்கமாக நடந்தேன்.
பெக்கோ வந்து நிற்கிறது.
கச்சேரிக் கடிதம் இன்னும் வரவில்லை, என்றான் டிரைவர்,
வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு.
அவனும் காத்திருக்கிறான்.
அவனுக்கு அதற்கு நாட்கூலி உண்டு.

செருப்பைக் கழற்றிவிட்டு மேட்டில் ஏறினேன்.
உச்சியில் காய்ந்த மணல்.
மறுபக்கம், கடலைப் பார்த்து இறங்குகையில்
கால் புதைந்தது.
குனிந்து தொட்டேன். ஈரம்.
அலை எட்டாத உயரம் அது,
இரவு மழையும் இல்லை.
விரலை நாக்கில் வைத்தேன்.
உப்பில்லை.

கொப்பியில் இதற்கொரு கட்டம் இல்லை.