மூன்றாம் தொட்டி

டென்மார்க், வடகரை மருத்துவமனையின் பின்புறம்,
விடியாத ஜனவரி.
மூடியைத் திறக்கிறாள் இங்கர்லிசே.

பொத்தான் அளவு பிளாஸ்டிக் சில்லுகள்
சுழல்கின்றன.
ஒவ்வொன்றிலும் வழவழப்பாய், பழுப்பாய்
ஒரு கிருமி ஊர்.

கொழுத்த கழிவெல்லாம்
முதல் தொட்டியோடு நின்றுவிட்டது.
வயிறு நிறைந்தால் மருந்தைத் தொடாதாம்;
பட்டினி போட்டால்தான்
ஆறாம் வார்டின் காய்ச்சலை,
எட்டாம் வார்டின் வலியை
நக்கிப் பார்க்கும்.
பசி ருசி அறியாது.

நேற்றிரவு பணியிடையே
அவள் விழுங்கிய மாத்திரையும்
இந்நேரம்
இந்தக் குழாயில்தான் வந்துகொண்டிருக்கும்.

குளிரில் பேனா எழுத மறுக்கிறது.
உள்ளங்கையில் தேய்த்து எழுதுகிறாள்:
டைக்ளோஃபெனாக், பாதி மீதம்.

படியிறங்கும்போது
முழங்கால் மறுபடி சுள்ளென்கிறது.

மீதிப் பாதி போய்ச் சேரும் கடலில்
எந்த மீனுக்கும்
முழங்கால் இல்லை.