என்ன செடிக்கு?

ஷார்ஜா, தொழிற்பேட்டை ஆறு.
டயர் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவில்
நான் வெளிச்சம் விற்கிறேன்.

வெளியே நாற்பத்தாறு டிகிரி.
சூரியனுக்குத் திரைபோட்டு வாழும் ஊரில்
சூரியன் வாங்க வருகிறார்கள்,
கண்ணாடியை இறக்காமலே ஹாரன் அடித்து.

முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்:
என்ன செடிக்கு?
கீரையா, நாலடிக் குழல் போதும்.
ஆர்கிட்டா, மங்கலானது, தள்ளிக் கட்டுங்கள்.
சோடியம் வேண்டாம், அது அடுப்பு,
அதைத் தணிக்க இன்னொரு ஏசி வாங்குவீர்கள்.
அட்டையில் ஆயிரம் வாட் என்று போட்டிருக்கும்,
மீட்டரில் நூறுகூட ஓடாது,
நம்பாதீர்கள்.
இதையெல்லாம் ஐந்து மொழியில் சொல்வேன்.
ஐந்தும் கொச்சை.

மார்ச்சில் ஒருவன் வந்தான்.
காதில் வெள்ளைக் குமிழ், மீசை இப்போதுதான்.
என்ன செடிக்கு?
கூரையில் தொங்கும் விளக்குகளை ஒருமுறை எண்ணினான்.
"தக்காளி."
எத்தனை?
"நாலு."
நாலு தக்காளிக்கு
அறுநூறு வாட் கேட்டான்,
உள்ளே வெள்ளிபூசிய கூடாரம் கேட்டான்,
வாசனை வெளியே போகாமல் இருக்க
ஏதாவது உண்டா என்றும் கேட்டான்.

ஷுக்கூர் இருமினான்.
மலப்புரத்து இருமல். எட்டு வருஷமாக
அதற்கு என்னிடம் அகராதி இருக்கிறது.

சரக்கு இல்லை என்றேன்.
என் முதுகுக்குப் பின்னால் பதினோரு பெட்டி.

நல்லவன் என்பதால் அல்ல.
பில்லில் போகிற கையெழுத்து என்னுடையது.
ஒரு செடிக்கு இந்த நாட்டில் எத்தனை வருஷம் என்று
எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்,
தக்காளிக்கு மட்டும்தான் தெரியாது.
அடுத்த சந்தில் வாங்கியிருப்பான்.
கேள்வி கேட்காத கடைகள் உண்டு.

அன்று ராத்திரி ரோலாவில் பஸ் இறங்கி
அண்ணாந்து பார்த்தேன்.
நாலாவது மாடியில் ஒரே ஒரு ஜன்னல்
கத்தரிக்காய் நிறத்தில் எரிந்தது.
இது யார் வீடு, என்ன நடக்குது என்று
நினைத்து முடிப்பதற்குள்
அது என் ஜன்னல்.

கடைக்குத் திரும்பி வந்த ஊதா விளக்கு,
பாதி முத்துகள் செத்தது, இனாம்.
கீழே மூன்று மிளகாய்ச் செடி,
சாம்பாருக்கு வாங்கியதில் விழுந்த விதை.
மேல்கட்டில் மரியதாஸ் சொல்வான்:
மீன் தொட்டிக்குள்ள படுத்த மாதிரி இருக்குப்பா.

சமையல் தாளை எடுத்து ஜன்னலில் ஒட்டினேன்.
கீழே போய்ப் பார்த்தேன்.
இப்போதுதான் நிஜமாகவே
எதையோ ஒளித்தவன் ஜன்னல் மாதிரி இருந்தது.
மேலேறி வந்து கிழித்தேன்.
லிஃப்ட் அன்றும் ரிப்பேர்.

மறுநாள் வெள்ளைக் குழல் ஒன்றை
நானே எடுத்து நானே பில் போட்டேன்.
ஊழியர் கழிவு போக எழுபத்தைந்து திர்ஹம்.
வெள்ளையில் எல்லா நிறமும் கலந்திருக்கிறது,
செடி தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும்,
எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்.
கூடுதலாக ஒன்று உண்டு, அதைச் சொன்னதில்லை:
தெருவிலிருந்து பார்த்தால்
யாரோ புத்தகம் படிப்பது போல் இருக்கும்.
என்ன செடிக்கு? ஷுக்கூர் கேட்டான், சிரிக்காமல்.
பில்லின் மூலையில் எழுதினேன்:
மிளகாய், மூன்று.

மரியதாஸுக்கு இப்போது தூக்கம் இல்லை.
ஊதாவே தேவலாம் என்று
கட்டிலைச் சுற்றி லுங்கி கட்டியிருக்கிறான்.
இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவனுக்குப் பகல்,
செடிக்கும் பகல்,
அறையில் இருட்டுக்குத்தான் பங்கு பத்தவில்லை.

பூ விட்டிருக்கிறது. தேனீ வராது.
காது குடையும் பஞ்சுக் குச்சியால்
ஒவ்வொரு பூவாகத் தொட்டுவிடுகிறேன்.
அப்போதுதான் பார்த்தேன்.
இலைக்கு அடியில், நரம்போரம்,
மாவு தூவியது போல் வெள்ளைப்பூச்சி.
ஒரு மாசமாவது இருந்திருக்கும்.

ஊதாவில் எல்லா இலையும் கறுப்பாகத்தான் தெரியும்,
நோய் கொண்டதும், கொள்ளாததும்.